நெகட்டிவ் என்று போன் வந்தது

என் பிரியமான அத்தானுக்கு,

நேற்று லேபிலிருந்து போன் வந்தது. மாத்திரையெல்லாம் முடிந்தபின் கடைசியாகக் கொடுத்தீர்களே, அந்த ரத்தத்தின் ரிசல்ட். "சேச்சி, வைரஸ் போயி, நெகட்டிவ் ஆணு. சேட்டனோடு பறயணே" என்றாள் ஒரு பெண். உங்கள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டதென்று அவளுக்கு எப்படித் தெரியும்? "சரி மோளே" என்று வைத்துவிட்டேன். சொல்லச் சொன்னாள், சொல்கிறேன். உங்கள் ரத்தத்தில் ஒன்றுமில்லை அத்தான்.

கிட்னி கெட்டு, ரத்தத்தைச் சுத்தம் பண்ண டயாலிசிஸுக்குப் போன இடத்தில்தானே இந்த ஹெபடைடிஸ் சி ஒட்டிக்கொண்டது? ஊசியா, கையுறையா, இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. உங்களைத் தனி அறையில், தனி மிஷினில் போட்டார்கள். என் கிட்னியை உங்களுக்கு வைக்கிற ஆபரேஷனையும், வைரஸ் போகட்டும் என்று தள்ளிவைத்தார்கள்.

அதோடு போயிருக்கலாம். நீங்கள் வீட்டிலும் தனியாகிவிட்டீர்கள். தம்பானூரில் பரோட்டா மாஸ்டராக இருந்தவருக்கு, மஞ்சப்பித்தம் என்கிற மஞ்சள் காமாலை என்றால் ஹோட்டலைப் பூட்டி சீல் வைக்கிற வியாதிதான். இது வேறு, ரத்தத்தில்தான் பரவும், சாப்பாட்டில் இல்லை என்று டாக்டர் தலையால் அடித்துக்கொண்டார். "ஹோட்டல்காரனுக்குத் தெரியாத மஞ்சப்பித்தமா? நீ சும்மா இருட்டி" என்று என் வாயை அடைத்தீர்கள். தனித் தட்டு, தனி டம்ளர். நம் பிள்ளை மீனா வாயைத் திறந்துகொண்டு வந்து நின்றாலும் ஒரு வாய் ஊட்டவில்லை. "ரிசல்ட் வரட்டும் மக்ளே, அப்பா ஊட்டுதேன்." எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். சண்டை போட்டேன், கெஞ்சினேன். பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

அப்புறம் ஒரு காலையில், டயாலிசிஸுக்குப் போகிற ஆட்டோவிலேயே நெஞ்சு நின்றுவிட்டது. இருதயம் என்றார்கள். எதுவானால் எனக்கென்ன?

போனில் நான் பேசியதை மீனா கேட்டுக்கொண்டிருந்தாள். "ரிசல்ட் வந்நோ அம்மா? அப்பா இனி ஊட்டுமோ?" என்கிறாள். என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்கள்.

கொடுக்கிற கிட்னி நன்றாக இருக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து உப்பைக் குறைத்தேன், கருவாட்டை விட்டேன். இன்றைக்கும் அப்படித்தான் சாப்பிடுகிறேன். உங்களுக்கென்று ஒதுக்கியது என் உள்ளேயே கிடக்கிறது அத்தான். அதைக் கெட்டுப்போக விடமாட்டேன், சத்தியம். அது உங்கள் பொருள்.

உங்கள் மாமன் மகள்,
செல்வி