ஊட்டிக்குப் போகச் சொன்ன போன்

நம் தையல் லைனில் கொடுத்திருக்கும் போன் இன்றைக்குச் சுனிதாவை ஊட்டிக்கு அனுப்பப் பார்த்தது. சிரிக்காதே. அந்தப் போன் இப்போது என் மேசையில்தான் கிடக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீ போன பிறகு வந்தது இது. நாம் தமிழில் சொன்னால் அது இந்தியில் சொல்லும், வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் இந்தியில் சொன்னால் தமிழில் சொல்லும். சூப்பர்வைசர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். எனக்கு என்ன நிம்மதி தெரியுமா! உன்னைப் போல் கையை ஆட்டி, கண்ணை உருட்டி, பனியன் கம்பெனியை நாடகக் கொட்டகை ஆக்க எனக்கு வராது.

உனக்கு வரும். சுனிதா வேலைக்கு வந்த முதல் வாரம், முட்டை சாப்பிடுவாளா என்று கேட்பதற்காக, சாப்பாட்டு ஹாலில் நீ குந்தி உட்கார்ந்து முழங்கைகளை அடித்துக்கொண்டு கொக்கரித்தாய். அவள் “அண்டா! அண்டா!” என்றாள். “அண்டாவா? அது எதுக்கு புள்ள உனக்கு?” என்று நீ தண்ணீர் அண்டாவைக் காட்டினாய். அவர்கள் பாஷையில் முட்டைக்கு அண்டா என்றுதான் பேர் என்பது நமக்குப் புரிவதற்குள் பாதி ஹால் சிரித்து உருண்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். “பாஷை தெரியலீன்னா என்ன, மூஞ்சி இருக்குதல்ல?” என்றாய். அப்புறம் மூன்று வருஷம், பக்கத்துப் பக்கத்து ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து இரண்டு பேரும் என்னதான் பேசினீர்களோ! நீ போனதும் அவள் வாயே திறக்கவில்லை. துக்கம் என்று விட்டுவிட்டோம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போனை நீட்டினோம்.

இன்று காலை அவளுக்குக் காய்ச்சல். ஹாஸ்டலுக்குப் போய்ப் படுக்கட்டும் என்று, மெஷின் இரைச்சலில் போனை வாயோடு ஒட்டி வைத்து, “ஊட்டுக்குப் போயிரு கண்ணு” என்றேன். அது இந்தியில் என்னவோ சொன்னது. அவள் முகம் வாடிப்போனது. பதிலுக்கு அவளும் அதனிடம் ஏதோ சொன்னாள். “அங்கே மிகவும் குளிரும், நான் போக மாட்டேன்” என்றது போன், சுத்தத் தமிழில். காய்ச்சல் குளிர் என்று நினைத்து, “போர்வையப் போத்திக்க, போ” என்று அதையும் போனிடமே சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டேன்.

மதியம் ஹாஸ்டல் வார்டன் கூப்பிட்டார். “ஏனுங்க, அந்தப் புள்ளய ஊட்டிக்கு மாத்திட்டீங்களாமா? கூட இருக்கற புள்ளைங்ககிட்டச் சொல்லி அழுதுச்சாமா. பையைக் கட்டிட்டு ரயில் டேசனுக்குப் போயிருச்சுங்க, ஊருக்கே போறேன்னு.”

போனைத் திறந்தேன். நான் பேசியது அதில் எழுத்தாக இருந்தது: ‘ஊட்டிக்குப் போய்விடு கண்ணு.’ நம் வாயில் வீடு என்பது ஊடுதானே. அந்தப் பாவப்பட்ட போனுக்கு ஊட்டிதான் தெரிந்திருக்கிறது. சிலரை வேறு ஊர் யூனிட்டுக்கு மாற்றப்போகிறார்கள் என்று ஒரு வாரமாகப் பேச்சு வேறு. அவள் நம்பிவிட்டாள்.

ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதே. உன் மெஷினில் வேறு ஆள் வந்தாயிற்று. உன்னோடு பேசிச் சிரித்தவளையும் நானே ரயில் ஏற்றிவிட்டால் என்ன செய்வேன்? சிக்னலில் நிற்கும்போது உன் பெயரைச் சொல்லித் திட்டினேன், எதற்கென்று தெரியாமலே.

பிளாட்பாரத்தில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அறிவிப்பு அலறியது. இதில் இது என்னத்தைக் கேட்கும்? கைப்பைக்குள் போட்டேன். அத்தனை பேருக்கு நடுவில் அவள் நெற்றியைத் தொட்டு, சுட்டதுபோல் கையை உதறினேன். கன்னத்தில் கை வைத்துத் தூங்கிக் காட்டினேன். இரண்டு கைகளையும் கூரையாகக் கூட்டி, “ஊட்டி இல்ல கண்ணு, ஊடு! ஊடு!” என்று கத்தினேன். பக்கத்திலிருந்த பெரியவர் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

சுனிதா என்னையே பார்த்தாள். அப்புறம், நீ இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொன்னாள்: “ஊடுன்னா எனக்குத் தெரியாதுங்களாக்கா? நீங்க போன்கிட்டத்தானே சொன்னீங்க. எங்கிட்ட எப்பங்க சொன்னீங்க?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ்! அதுவும் நம் தமிழ்!

“இத்தனை நாளா ஏன் கண்ணு பேசுல?”

“யாரும் பேச்சுக் குடுக்கலீங்களே” என்றாள்.

திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்து, காய்ச்சலோடு, வழியெல்லாம் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். நீ எனக்குக் ‘கடுகு டப்பா’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தாயாமே! சிரிப்புத் தாங்கவில்லை. கடைசி மாதங்களில் வலி பொறுக்காமல் அவள் தோளில் சாய்ந்து அழுவாய் என்றும் சொன்னாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். அந்த மாதங்களில் நான் தினமும் வாட்ஸ்அப்பில் ‘எப்படி இருக்கே’ என்று கேட்டேன். நீ தினமும் கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினாய். உன் மெஷினிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்த நான் எழுந்து வந்து உன்னைப் பார்க்கவில்லை. அந்த வலி எனக்கு இருக்கத்தான் போகிறது.

ஆனால் இன்று எனக்குச் சந்தோஷமும் அடங்கவில்லை. உன்னிடமிருந்து இனி ஒரு வார்த்தையும் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத மூன்று வருஷப் பேச்சு அவளிடம் இருக்கிறது. அவளுக்குக் காய்ச்சல் விடட்டும். எதிரே போய் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.