நெல்மணிக்குள் பச்சை ஒளி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

மரபணு மாற்றிய எங்கள் நெல்லில் புதிய புரதம் உருவாகியும், மணிக்குள் அதைச் சேமிக்கும் அறைகளுக்குப் போகாமல் வழியிலேயே சிதைந்துகொண்டிருந்தது. “இந்தத் தடவையும் இப்படின்னா நிறுத்திடலாம்மா” என்று பேராசிரியை சொல்லிவிட்டார். புரதத்துக்கு வழிகாட்டும் பகுதியை மாற்றிப் பயிரிட்டேன். நேற்று நுண்ணோக்கியில் பார்த்தால், பச்சையாக ஒளிரும்படி செய்திருந்த புரதம் அறை அறையாக நிறைந்திருந்தது! துள்ளியதில் நாற்காலியோடு விழுந்தேன், சிராய்ப்புதான், பயப்படாதீர்கள். “உன் புரதம் போய்ச் சேர்ந்துடுச்சு, நீ போய்ச் சேர்ந்துடாதே!” என்று சிரித்தபடி பேராசிரியை தூக்கிவிட்டார். வேலை தொடரும்.

உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். ஆய்வுக்கூடத்தில் கறை படுவதால் கேட்கிறேன். துவைக்காமல் அனுப்பினாலும் சரி. செடிகளுக்குத் தண்ணீர் விட ஓடுகிறேன்.

உங்கள் மகள்