மங்குஸ்தான் வாங்கித் தந்த லீவு

தென்காசி,
22-7-1958

சௌபாக்கியவதி மங்கையர்க்கரசிக்கு ஆசிகள். நான் சுகம். உன் இருமல் நின்றதா, குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று எழுது.

சர்க்கார் வழக்குகளுக்காக ஊர் ஊராகப் போவதில் என் ஞாயிற்றுக்கிழமைகள் ரயிலிலேயே கழிகின்றன. அதற்குப் பதிலாக இரண்டு நாள் லீவு கேட்டு அங்கே சென்னையில் எங்கள் மேலதிகாரிக்கு எழுதியிருந்தேன். "சீசனில் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு லீவு எதற்கு?" என்று பதில் போட்டார். நான் அருவியைப் பார்த்ததே பஸ் ஜன்னல் வழியாகத்தான். கடிதத்தின் அடியில், திரும்பி வரும்போது தன் வீட்டுக்கு ஒரு கூடை மங்குஸ்தான் வாங்கி வரச் சொல்லியிருந்தார்.

எரிச்சலில் அதைக் கோர்ட்டு டவாலிச் சேவகர் பலவேசத்திடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"அருவிப் பக்கம் இருந்துக்கிட்டு லீவு கேட்டா யாரு அய்யா தருவா? பழம் கேக்காருல்லா, அதைப் புடிங்க. பார்சல்ல போட்டா அழுகிரும், ஆளுதான் கொண்டு வரணும்னு எழுதுங்க."

அப்படியே எழுதினேன். நேற்றுத் தந்தி வந்துவிட்டது. வெள்ளி, சனி லீவு, பழம் பத்திரம்.

கூடை அவருக்கு. உனக்கானதை என் கறுப்பு வக்கீல் அங்கியில் சுற்றி எடுத்து வருகிறேன். மிளகு ரசம் மட்டும் வைத்தால் போதும். ஓட்டல் சாம்பாரில் நாக்கு மரத்துவிட்டது.

போன தடவை குழந்தை என்னைக் கண்டு அலறிவிட்டாள். நம் கல்யாணப் போட்டோவைத் தினமும் காட்டி வை. அதில் எனக்கு மீசை இல்லை. ரயிலேறும் முன் இங்கேயே மீசையை மழித்துவிடுகிறேன்.

தபால் கட்டும் நேரம்.

சபாபதி