இருபத்தேழாம் எண் சீட்டு

ஜூன் 2, ஞாயிறு

பியூலா ஆன்ட்டியோடு இன்றும் சண்டை.

அவர் நடத்தும், நானும் பாடம் எடுக்கும் எங்கள் சர்ச் சண்டே ஸ்கூலில் ஒவ்வொரு குழந்தையின் சட்டையிலும் ஓர் எண் ஒட்டுகிறோம். அதே எண் போட்ட சீட்டை, பிள்ளையை விட்டுப்போகிறவரிடம் கொடுக்கிறோம். அதைத் திருப்பித் தந்தால்தான் பிள்ளையை அனுப்புவோம். விதி நல்ல விதிதான். ஆனால் யாருக்கு? அடையாறிலிருந்து காரில் வருகிறவர்களிடம் ஆன்ட்டி சீட்டு கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு சிரிப்பு, ஒரு "ப்ரெய்ஸ் த லார்ட்", பிள்ளை காரில் ஏறிவிடும். நொச்சிக்குப்பத்துப் பெண்கள் மட்டும் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க வேண்டும், சீட்டை நீட்டிக்கொண்டு.

அமுலு அக்கா மீன் விற்ற கையோடு வந்தார். சீட்டு நனைந்து எண் அழிந்துபோயிருந்தது. உள்ளே ஐந்து வயது ஸ்நேஹா அம்மாவைப் பார்த்துவிட்டு அழுகிறாள். இருபது நிமிடம் நிற்க வைத்தார் ஆன்ட்டி.

"ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான் எப்சி."

"அப்போ டாக்டர் வீட்டுப் பையன்?"

"அவங்களைப் பத்து வருஷமாத் தெரியும்."

அமுலு அக்காவையும் ஆன்ட்டிக்கு மூன்று வருடமாக மீன் வாங்கித் தெரியும். மீன் வாடையும் தெரியும். அதுதான் விஷயம்.

நான் மன்னிப்பு கேட்டபோது அக்கா சிரித்தார். "பரவால்ல கண்ணு, கேக்கட்டும். கேக்கறது நல்லதுதான்." அடங்கிப் போய்ப் பழகிவிட்டார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஜூன் 5, புதன்

இனி கேட்டில் நான் நிற்கிறேன் என்று ஆன்ட்டிக்குப் போன் செய்து சொன்னேன். உடனே சரி என்றுவிட்டார். கேட்டில் நிழல் கிடையாதே.

ஜூன் 9, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். நடந்த வரிசையில்.

கடைசிப் பாட்டு ஓடும்போதே நோட்டில் எல்லாப் பெயருக்கு நேராகவும் "சீட்டு பெறப்பட்டது" என்று டிக் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். கூட்டம் வந்துவிட்டால் எழுத நேரமிருக்காது. இன்றும் போட்டேன். முப்பத்திரண்டு பெயர், முப்பத்திரண்டு டிக்.

பத்து மணிக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டிருந்தார்.

"ஸ்நேஹாவோட அப்பா மிஸ். பேரு கபாலி. பாப்பாவக் கூட்டினு போலாம்னு வந்தேன். சீட்டு அவகிட்ட கீது, அவ யாவாரத்துல கீறா."

ஸ்நேஹா "நைனா" என்று ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

வராந்தாவிலிருந்து ஆன்ட்டி கேட்டார்: "சீட்டு வாங்கினியா எப்சி?"

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அவங்க அப்பா ஆன்ட்டி. எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியாது. அந்த ஆளை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

பெருமையாக இருந்தது. அதையும் எழுத வேண்டும். டாக்டர் வீட்டுக்கு ஒரு நியாயம் என்றால் குப்பத்துக்கும் அதே நியாயம் — அப்படி நினைத்துத்தான் கேட்டைத் திறந்தேன். அவர் தோளிலிருந்து ஸ்நேஹா எனக்கு டாட்டா காட்டினாள்.

பத்து நிமிடம் கழித்து அமுலு அக்கா. இந்த முறை சீட்டை பாலித்தீன் கவரில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். இருபத்தேழு. "இந்தா கண்ணு, நனையல பாரு."

அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போனாரே அக்கா என்றேன்.

"எந்த அப்பன்?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை. "என் விலா எலும்ப ஒடச்சவன் கண்ணு அவன். ஆறு மாசமா அவன் கண்ணுல படாம கீறோம். எங்க வுட்டாலும் புள்ளயத் தூக்கினு பூடுவான்னுதான் இங்க வுட்டேன். சீட்டு இல்லாம குடுக்க மாட்டீங்கன்னுதான் வுட்டேன். பின்ன, ஜெபத்துக்கா வந்தேன்?"

ஜூன் 10, திங்கள்

காவல் நிலையம். அலுவலகத்துக்கு லீவ் சொல்லிவிட்டேன்.

உள்ளே போகுமுன் பாஸ்டர் ஓரமாகக் கூப்பிட்டார். "நோட்ல இருக்கறது இருக்கட்டும்மா. கேட்டா மட்டும் பதில் சொல்லு. முப்பது பிள்ளைங்க வர ஊழியம், ஒரே நாள்ல மூடிருவாங்க." ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்காகத்தான் சொல்றேன் எப்சி. நீ வாழ வேண்டிய பொண்ணு."

எஸ்.ஐ. நோட்டைப் புரட்டினார். "டிக் இருக்கே. சீட்டைக் குடுத்துத்தானே பிள்ளையை வாங்கிருக்கான்? புருஷன்கிட்ட நீயே சீட்டைக் குடுத்துட்டு இப்ப சண்டைன்னதும் மாத்திப் பேசறியா?"

அமுலு அக்கா கவரோடு சீட்டை நீட்டினார். "இதோ எங்கிட்ட கீதே சார்."

"இதே மாதிரி இன்னொண்ணு எழுத எவ்ளோ நேரம் ஆவும்? பெத்த அப்பன்தானே, ரெண்டு நாள்ல கொண்டாந்து வுட்டுடுவான். போம்மா."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வார்த்தை. அந்த டிக் பொய் என்று ஒரு வார்த்தை. வாய் வரவில்லை. பேஸ்புக்கில் சாதி பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிற வாய்.

ஜூன் 11, செவ்வாய்

அக்காவை எல்லோரும் பொய்க்காரி என்கிறார்கள். பொய் என் கையெழுத்தில் இருக்கிறது.

ஜூன் 12, புதன்

ஈக்காட்டுத்தாங்கலில் பேருந்தை விட்டு இறங்கி, அலுவலகத்துக்குப் போகாமல் ஒரு வெள்ளைச் சட்டையின் பின்னால் நடந்தேன். தோளில் பிள்ளை. பட்டறைச் சந்து வரை போனபின் அவர் திரும்பினார். "இன்னாம்மா, யாரு வோணும்?" வேறு யாரோ. தூங்கிக்கொண்டிருந்தது ஒரு பையன்.

நாளெல்லாம் இப்படித்தான். பிள்ளைகள் யார் தோளிலும் டாட்டா காட்டுகிறார்கள். யாராவது என்னை அக்கா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறேன். கண்ணாடியில் என் வாய் அசைகிறது: அவங்க அப்பா ஆன்ட்டி, எனக்குத் தெரியும்.

நாளைக்குப் போகிறேன். இன்றே போகலாமே? — முடியவில்லை. பயம். அவ்வளவுதான்.

ஜூன் 13, வியாழன்

போனேன், தனியாக. எழுதிக் கொடுத்தேன்: சீட்டு வாங்கவில்லை, டிக்குகள் முன்கூட்டியே போடப்பட்டவை, அந்த ஆளை எனக்குத் தெரியாது, தாய் சொல்வது உண்மை. எஸ்.ஐ. இரண்டு முறை படித்தார். "இதைத் திங்கக்கெழமையே சொல்றதுக்கு இன்னா?"

புகாரைப் பதிவு செய்தார்கள்.

பியூலா ஆன்ட்டி போனில் அழுதார். சபையைக் காட்டிக் கொடுத்துவிட்டாயே என்றார். போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 15, சனி

கிடைத்துவிட்டாள். எண்ணூரில் கபாலியின் அக்கா வீட்டில். அவனைப் பிடித்துவிட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் எட்டி நின்று பார்த்தேன். ஸ்நேஹாவின் இடது கை முழங்கைக்குக் கீழே வீங்கிக் கருத்திருந்தது. அம்மாகிட்டப் போணும் என்று அழுததற்குத் தள்ளிவிட்டானாம். கட்டுகூடப் போடவில்லை. மருத்துவர் அமுலு அக்காவைத் திட்டினார், அவர்தான் ஏதோ கவனிக்காமல் விட்டதுபோல: "உடைஞ்சு மூணு நாள் ஆகுதும்மா. இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

மூன்று நாள். புதன்கிழமை.

புதன்கிழமை நான் யாரோ ஒருவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஜூன் 16

புதன். புதன். புதன்.

ஜூன் 23, ஞாயிறு

கேட்டில் வேறு ஆள் நிற்கிறார். நான் "சிறிது காலம் ஓய்வில்" இருக்கிறேனாம். பாஸ்டர் "ஒரு குடும்பத்துக்காக" ஜெபித்தார், பெயர் சொல்லாமல். குப்பத்திலிருந்து பதினொரு பிள்ளைகள் வருவார்கள். இன்று ஒருவர்கூட இல்லை. வகுப்பு அமைதியாக நடக்கிறது என்று ஆன்ட்டி யாரிடமோ சொன்னார்.

டாக்டர் வீட்டுப் பையன் சீட்டு இல்லாமல் காரில் ஏறினான்.

ஜூலை 14, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. லூப் ரோட்டு மீன் கடைகளுக்குப் போனேன்.

அமுலு அக்கா பலகையில் மீன் பரப்பியிருந்தார். பக்கத்தில் ஸ்நேஹா, கையில் மாவுக்கட்டு. என்னைப் பார்த்ததும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள். அழவில்லை.

என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு மாதமாகத் தயார் செய்திருந்தேன். அக்கா இடம் கொடுக்கவில்லை.

"சங்கரா வோணுமா மேடம், மடவ வோணுமா?"

மேடம்.

"எழுதிக் குட்த்தியாமே. சொன்னாங்க," என்றார், செதிலைச் சுரண்டிக்கொண்டே. திட்டியிருக்கலாம்.

வெயில் ஏறியது. பெட்டியில் ஐஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரப் பெண் இல்லை. அக்கா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு எழுந்தார்.

"மீனப் பாத்துக்க. ஐஸ் வாங்கினு வந்துர்றேன்."

சுருக்குப் பையை அவிழ்த்துப் பலகையில் வைத்தார். காலையிலிருந்து விற்ற காசு முழுக்க அதில்தான்.

"பாப்பா இங்கயே இருக்கட்டுமே அக்கா. தார் ரோடு, கால் சுடும்."

அக்கா என்னைப் பார்த்தார். குனிந்து ஸ்நேஹாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மாவுக்கட்டுக் கையோடு அவளும் கனம்தான்; ஒருமுறை ஏற்றிப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.

நான் ஈக்களை விரட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் வண்டியை நிறுத்தி சங்கரா என்ன விலை என்று கேட்டார்.

"தெரியாது. அவங்க வந்துடுவாங்க," என்றேன்.