டேங்கின் மேல் உங்கள் கட்டைவிரல்

மாமா,

இன்று காலை பெட்ரோல் பங்கில் உங்கள் பைக்கின் டேங்க் நிரம்பி வழிந்துவிட்டது. பம்ப் போடுகிற பெண் பக்கத்து வண்டிக்காரரோடு பேசிக்கொண்டே குழாயைப் பிடித்திருந்தாள். பெட்ரோல் மூடியைத் தாண்டி, உங்கள் முட்டி உரசுகிற இடம் வரைக்கும் கோடாக இறங்கியது. "அய்யோ, சாரிக்கா, பெயிண்ட்டு பூடப்போவுது" என்று துணியோடு ஓடி வந்தாள். நான் பெயிண்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. மீட்டர் பூஜ்யத்தில்தான் தொடங்கியதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அந்தப் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது, உங்கள் ஞாபகம் வந்தது.

நீங்கள் யாரையும் எதையும் லேசில் நம்ப மாட்டீர்கள். காசிமேட்டில் அப்போதுதான் படகிலிருந்து இறங்கிய மீனுக்குக்கூடச் செவுளைத் தூக்கிப் பார்ப்பீர்கள். பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தால், போட்டுக்கொள்வது உங்கள் செருப்புதானா என்று திருப்பிப் பார்ப்பீர்கள். கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கி, ஆட்டி, மோந்து பார்த்த பிறகு சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அதில் ஒரு கோடு போடுவீர்கள். பார்த்தாச்சு என்று அர்த்தம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்துப் பழக்கம் அது. கொக்கியைத் தடவிப் பார்த்துக் கோடு போடாமல் ஒரு சுமையையும் தூக்கியதில்லை என்பீர்கள். "கண்ணு ஏமாத்தும்மா. கைய வெச்சுப் பாக்கணும்." வீட்டில் சிலிண்டர், தண்ணீர் டிரம், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாவற்றிலும் உங்கள் கோடு இருந்தது.

நான் மட்டும்தான் பாக்கி. காத்திவாக்கத்திலிருந்து உங்கள் மகனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு ராயபுரத்துக்கு வந்தவள். முதல் நாள் நான் போட்டுக் கொடுத்த டீயை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தீர்கள். அதை நான் மறக்கவே இல்லை.

மொபைலில் வீடியோ பார்த்துப் பார்த்து நான் வண்டிச் சாமான்களுக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தபோது உங்கள் சந்தேகம் உச்சத்துக்குப் போனது. தெருவில் யாருடைய மட்கார்டாவது, சைடு கவராவது மொட்டை மாடிக்கு வந்துகொண்டே இருக்கும். கலர் அடித்த பிறகு பளபளப்புக்குக் கடைசியாக ஒரு கிளியர் கோட். அந்த ஸ்ப்ரே டின்னைத்தான் நீங்கள் சந்தேகப்பட்டீர்கள். தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு குப்பி உடைந்து, பெயிண்டை இறுக்குகிற ஹார்ட்னர் கலக்கும். கலந்துவிட்டால் ஒரு நாள்தான் தாங்கும், அப்புறம் உள்ளேயே இறுகிவிடும். சாதாரண பெயிண்ட் போல இல்லை, பெட்ரோல் பட்டாலும் கரையாது. நான் கண்ணாடியும் ஃபில்டர் வைத்த மாஸ்க்கும் கையுறையும் மாட்டிக்கொண்டு, மாடிக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

"இன்னாமா, பெயிண்ட் அடிக்கிறியா, பாம் செய்றியா?"

"ஹார்ட்னர் மாமா. மூச்சுல போனா நுரையீரலுக்கு ஆவாது."

"அப்டி ஒண்ணும் பெருசா வாட வர்லியே?"

"அதான் மாமா பேஜாரே."

வடக்கிலிருந்து காற்று அடித்தால் எண்ணூர் ஆலைகளிலிருந்து என்ன வருகிறது என்று மூக்காலேயே சொல்லிவிடுகிறவர் நீங்கள். வாடை இல்லாத விஷம் என்பது உங்களுக்குச் சுத்த ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. அதன் பிறகு அலமாரியில் என் டின்கள் இடம் மாற ஆரம்பித்தன. சுவரைப் பார்த்து வைத்தது சாயங்காலம் என்னைப் பார்த்து நிற்கும். பொத்தானை யாராவது அழுத்தித் தொலைத்தால் டின்னே வீண். அதனால் ஒவ்வொரு பொத்தான் மேலும் செல்லோ டேப் ஒட்டி வைத்தேன். நீங்கள் மட்டும்தான் சந்தேகப்படலாமா?

ஆனால் எனக்கு வேண்டியது உங்கள் டேங்க்தான். எப்போதோ ஒரு கடையில் பளபளவென்று அடித்துக் கொடுத்தது, பெட்ரோல் பட்டுத் தோல் சுருங்கி, துருவேறிக் கிடந்தது. நான் கேட்கும்போதெல்லாம் "அவன் ஏமாத்துனது பத்தாதா?" என்பீர்கள். தெருவே என்னிடம் வண்டியைக் கொடுக்கிறது, சொந்த மாமனார் கொடுக்கவில்லை. அந்த டேங்க் என் கைக்கு வந்தால்தான் இந்த வீட்டில் என்னை நம்புகிறார்கள் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

நெஞ்சு வலி வந்து, கிக்கரை உதைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒருநாள் மாடிக் கதவோரம் டேங்க் இருந்தது. நீங்களே கழற்றி வைத்திருந்தீர்கள். "சும்மாதான கீது, பாரேன்" என்றீர்கள், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, மெரூன் ஏற்றினேன். கடல் காற்று எழும்பினால் ஈரம் படிந்து பால் பூத்த மாதிரி வெளுத்துவிடும் என்று, அதற்கு முன்பே கிளியர் கோட்டை முடித்தேன். என் முகமே அதில் தெரிந்தது. வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்து, "நாளைக்கு வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் நீங்கள் மாடியில் நிற்கிறீர்கள். டேங்கின் இடது பக்கம், முட்டிக்கு மேலே, உங்கள் கட்டைவிரல் அழுந்தியிருக்கிறது.

"கை வைக்காதீங்க மாமா!"

அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் முறை. "காஞ்சுச்சான்னு பாத்தேன்" என்றீர்கள். டின்னையும் விட்டுவைக்கவில்லை. அதன் வாயில் வழிந்திருந்ததெல்லாம் உங்கள் விரலில் பளபளத்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. என் வேலை தோற்க வேண்டும் என்றே வைத்தீர்கள் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்தச் சந்தேகம் எனக்கு முழுசாகப் போகவில்லை, மாமா. ராத்திரி சாப்பாட்டில் தட்டோடு நீங்கள் ஒரு மூலை, நான் ஒரு மூலை. உங்கள் மகன்தான் நடுவில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பென்ஷனுக்கு ஆயுள் சான்று கொடுக்க, மிஷினில் ரேகை வைக்கப் போனீர்கள். நீங்கள் திரும்பி வந்து படியேறும் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

"ரேகை வுழலியாம்மா! நாந்தானான்னு என்னியே கேக்குறான் அவன்! தொடச்சிட்டு வெய்யி பெருசுங்கறான். சோப்புப் போட்டேன், போவல. மண்ணெண்ண தேச்சேன், போவல. கீழ வண்டிக்காரன்கிட்ட துணில பெட்ரோல் வாங்கித் தேச்சேன், அதுக்கும் அசையல! கடைசில வேற வெரல வெச்சிட்டு வரேன்." மூச்சு வாங்க நின்று, விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். அது நேற்றுப் போலவே பளபளத்தது. "கெட்டியாத்தான் கீது உன் பெயிண்ட்டு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊரையே சந்தேகப்பட்டவரை ஒரு மிஷின் சந்தேகப்பட்டு அனுப்பியிருக்கிறது. நீங்களும் சிரித்தீர்கள். டேங்க் நன்றாக இறுகியதும் அந்த இடத்தைத் தேய்த்து இன்னொரு கோட் அடித்துவிடுகிறேன் என்றேன்.

"வாணாம், வுடு. பாத்துட்டேன்."

டேங்கை வண்டியில் மாட்டுவதற்குள் ஆஸ்பத்திரி. அங்கேயும் சலைன் பாட்டிலில் தேதியைப் படிக்கச் சொல்லி நர்ஸை விரட்டினீர்கள். விசாரிக்காமல் நீங்கள் செய்த ஒரே காரியம் எங்களை விட்டுப் போனதுதான். எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது, மாமா. இந்த டேங்கில் பெட்ரோல் வழிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

பங்கிலிருந்து நேராக வாட்டர் வாஷுக்குப் போனேன். அங்கிருந்தவர் டேங்கின் இடது பக்கத்தில் குனிந்து, "அக்கா, இங்க கைரேகை மாறி இன்னாமோ கீது. பாலிஷ் போட்டா பூடும்" என்று துணியை எடுத்தார். அது என்ன துணி, எந்த வண்டியைத் துடைத்தது, யாருக்குத் தெரியும்?

"கை வைக்காதப்பா!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் துணியும் கையுமாக அப்படியே நின்றார். "இன்னாக்கா, அழுக்குதான?"

"அழுக்கு இல்லப்பா" என்றேன். "எங்க மாமா பாத்துட்டாரு."