எழுபத்தாறா, எண்பத்து நாலா

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. ஒத்தக்கடை வெயிலில் முதல் நாளே அறுநூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தலை சுற்றி விழுந்த இரண்டு பேருக்குத் தண்ணி தெளித்து, விளையாட்டு டீச்சர் உத்தியோகம் இனிதே ஆரம்பம்.

சாயங்காலம் பஸ் பிடித்துப் பழங்காநத்தம் போனேன், பீமாராவ் அண்ணனின் ஜிம்முக்கு. பாப்பா வயிற்றில் வந்தபோது விட்டது. போன மாதம்தான் மறுபடி எடை தூக்கும் பாரைத் தொட்டேன். கை மறக்கவில்லை, முதுகுதான் "யாருடி நீ" என்கிறது.

இன்றைக்கு எடை மெஷினில் ஏறச் சொன்னார். எண்பத்தொன்று. அண்ணன் சிரித்தார். "ரெண்டுங்கெட்டான் எடைம்மா. கட் பண்ணி எறங்குனா எழுபத்தாறு கிலோ பிரிவு. ஆனா பலம் போகும். பல்க் பண்ணி ஏறுனா எண்பத்து நாலு. நம்ம பக்கம் அந்தப் பிரிவுல ஆளே கெடையாது. நல்லாத் தின்னு, நல்லாத் தூக்கு. நவம்பர்ல ஸ்டேட் மீட் வருது. யோசிச்சுச் சொல்லு."

இதில் யோசிக்க என்ன இருக்கு? வயசுக்கு வந்த நாளிலிருந்து "கொறச்சுத் தின்னுடி" என்றுதான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். தின்னச் சொல்லி ஒரு மனுஷர் கெஞ்சுகிறார். எண்பத்து நாலுதான். நாளைக்குச் சொல்லிவிடணும்.

ஜூன் 13, வியாழன்

காலையில் நாலு முட்டை. வீட்டுக்காரர் என் தட்டைப் பார்த்தார், பிறகு பாப்பாவின் தட்டைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஜூன் 22, சனி

பழங்காநத்தம் அம்மா வீட்டுக்கு வரச் சொல்லி போன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

தவசி அண்ணனுக்குத் தை மாசத்திலிருந்து டயாலிசிஸ். வாரம் மூன்று தரம். இப்போது டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டாராம், மாற்று கிட்னி வைத்தால்தான் நல்லது, கூடப்பிறந்தவர்கள் கொடுத்தால் ரொம்ப நல்லது என்று. மதினிக்கு ரத்த குரூப் சேரவில்லை. அம்மாவுக்கு சுகர்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அம்மா மதினியிடம் சொன்னாள், "செல்விக்கும் தவசிக்கும் ஒரே குரூப்பு, சின்னதுலயே பாத்துருக்கு."

"தம்பிக்கு?" என்று கேட்டேன். அழகுபாண்டி அங்கேதான் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்ல? ஒத்தக் கிட்னின்னா எவன் பொண்ணு குடுப்பான்?"

நியாயம்தான். எனக்குக் கல்யாணம் முடிந்தது, பிள்ளையும் பெற்றாச்சு. இனி எனக்கு எதற்கு இரண்டு?

"சரிம்மா, டெஸ்ட் எடுத்துப் பாப்போம்" என்றேன். சொன்னது என் வாய்தான். அண்ணன் மூலையில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். தூங்கவில்லை என்று தெரியும்.

ஜூலை 4, வியாழன்

எல்லாம் பொருந்திவிட்டது. ரத்தம், சிறுநீர், ஸ்கேன். என் கிட்னியைப் பார்த்து "அழகா இருக்கு" என்றார் டாக்டர். வாழ்க்கையில் என் உடம்பை ஒருத்தர் அழகு என்று சொன்னது இதுதான் முதல் தடவை, அதுவும் உள்ளே இருப்பதை.

ஒரே ஒரு குறை. உயரத்துக்கு எடை அதிகம். "எழுபத்தாறுக்கு வாங்கம்மா, அப்புறம் மேற்கொண்டு பாக்கலாம்."

எழுபத்தாறு! சிரித்துவிட்டேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

கொடுத்த பிறகு எடை தூக்கலாமா என்று கேட்டேன். "மூணு நாலு மாசம் எதையும் தூக்கக் கூடாது. அதுக்கப்புறம் நடைப்பயிற்சி, லேசா ஏதாவது. இந்த நூறு கிலோவெல்லாம் மறந்துருங்க. புரோட்டீன் பவுடர் பக்கமே போகாதீங்க."

அம்மா குறுக்கே சொன்னாள், "அதெல்லாம் அவ இனிமே தூக்க மாட்டா சார்."

ஜூலை 6, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உங்க வீட்டு விசயம், உன் இஷ்டம்" என்றார். என் இஷ்டம் என்னவென்று ஒரு தரம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது, அது வேறு.

பீமாராவ் அண்ணனிடம், கொஞ்ச நாள் கட் பண்ணுகிறேன் என்று மட்டும் சொன்னேன். "எழுபத்தாறா? சரி, உன் முடிவு" என்றார். எல்லாரும் என் முடிவு என்றே சொல்கிறார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

அம்மா தினமும் கொள்ளு ரசம் கொடுத்தனுப்புகிறாள். கொண்டு வருவது யார்? அழகுபாண்டி. பழங்காநத்தத்திலிருந்து ஒத்தக்கடைக்கு பைக்கில், தூக்குவாளியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வருகிறான். நல்ல பிள்ளை. வரும் வழியில் தனக்கு மட்டும் இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவான், சட்டையில் சால்னா வாசம் அடிக்கும்.

"யக்கா, நீதான்க்கா நம்ம வீட்டுக்குச் சாமி" என்றான் இன்றைக்கு. கண் கலங்கிச் சொன்னான். உன்னை ஏண்டா யாரும் டெஸ்ட்டுக்குக் கூப்பிடவில்லை என்று கேட்க நாக்கு வரை வந்தது. அவனை என்ன சொல்ல? அவனையும்தான் யாரும் கேட்கவில்லை.

ஜூலை 27, சனி

எழுபத்தெட்டரை.

வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். போன மாதம் தரையிலிருந்து நூற்றிருபது கிலோ டெட்லிஃப்ட் போட்டவள், இன்றைக்கு நூறை முழங்காலைத் தாண்டித் தூக்க முடியாமல் கீழே போட்டேன். பக்கத்தில் இருந்த காலேஜ் பெண் "அக்கா, நான் ப்ளேட்டைக் கழட்டவா?" என்றாள். கழட்டச் சொன்னேன். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கிட்னி கொடுப்பதற்கு அழவில்லை. இருபது கிலோவுக்கு அழுகிறேன். நான் என்ன பிறவி?

ஆகஸ்ட் 5, திங்கள்

ஸ்கூல் விட்டு வரும்போது பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கிற கடையில் கறிதோசை தின்றேன். ஒன்றுதான்.

ஆகஸ்ட் 7, புதன்

இரண்டு. ஒரு முட்டைக் கலக்கி.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆடி வெள்ளி. பள்ளிக்கூடத்துப் பக்கம் பாதிப்பேர் விரதம். நான் கறிதோசைக் கடையில். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே கல்லில் மாவை ஊற்றுகிறார்.

பசி இருந்ததா என்று கேட்டால், இல்லை. சத்தியமாக இல்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எண்பது.

எழுதிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்ல? எடை இறங்கவில்லை என்றால் நான் வேண்டாம் என்று சொல்லவே வேண்டியதில்லை. மெஷினே சொல்லிவிடும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, பாவம் அவளும் முயற்சி பண்ணினாள், உடம்பு வாகு அப்படி என்று போய்விடும். இது தெரிந்துதான் தின்கிறேனா? போன வாரம் தெரியாது. இன்றைக்கு இரண்டாவது தோசையைப் பிய்க்கும்போது தெரிந்தது. தெரிந்த பிறகும் தின்று முடித்தேன்.

ச்சீ. சொந்த அண்ணன்டி. உனக்குக் காய்ச்சல்னா உனக்கு முன்னால அழுதவன்டி.

ஆனா என் ஒடம்பு இது. எனக்குன்னு இருக்கறது இது ஒன்னுதான். நாலரை வருசம் கழிச்சு இப்பத்தான் திரும்பக் கெடச்சுச்சு.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அண்ணனைப் பார்க்கப் போனேன். நேற்று டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து படுத்திருந்தான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தான். இடது கையில் ஊசி குத்தும் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கிறது.

முன்னெல்லாம் என்னைப் பார்த்தால் முதல் கேள்வி "இப்ப எம்புட்டுடி தூக்குற?" என்பதுதான். இன்றைக்கு, "இப்ப எம்புட்டு எடைடி இருக்க?"

"எறங்கிட்டு இருக்கேன்ணே."

பொய். தலையாட்டினான். மதினி காபி போட உள்ளே போனதும் என் விரலைப் பிடித்துக்கொண்டான். "செல்வி, வெளிய சொல்ல மாட்டேன். எனக்குச் சாகப் பயமா இருக்கு புள்ள."

அவன் "எனக்கு வேணாம், நீ நல்லா இரு" என்று சொல்வான் என எதிர்பார்த்துப் போயிருந்தேன் போல. அப்படிச் சொன்னால் நிம்மதியாகத் தின்னலாம் என்று. அவன் ஏன் சொல்லணும்? அவனுக்கு வாழ ஆசை இருக்காதா?

வழியில் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தேன். நிற்கவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

நாலு நாள் கொள்ளு ரசம். ஒரு நாள் கறிதோசை. மூன்று நாள் பட்டினி. ஒரு நாள் பிரியாணி. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பீமாராவ் அண்ணன் சலித்துக்கொண்டார், "ஏம்மா, ஒன்னு ஏறு, இல்ல எறங்கு. நடுவுல நின்னா எதுவும் நடக்காது."

நடக்கக் கூடாது என்றுதான் நிற்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

செப்டம்பர் 12, வியாழன்

ஆஸ்பத்திரி. எண்பது புள்ளி நாலு. அம்மா மெஷினை எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

பிறகு என்னை மட்டும் தனி அறைக்குள் கூப்பிட்டார்கள். கொடுக்கிறவர்களிடம் தனியாகப் பேசுவது வழக்கமாம். வயதான டாக்டரம்மா, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பேசினார்.

"வெளியில யார் உக்காந்திருக்காங்கன்னு மறந்துருங்க. நீங்க மனசார குடுக்கறீங்களா? வேண்டாம்னாலும் தப்பே இல்ல. உடம்பு ஒத்துவராதுன்னு மட்டும் நாங்க சொல்லுவோம். காரணம் வெளிய போகாது."

ஜூன் மாசத்திலிருந்து இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். யாராவது ஒருத்தர் கேட்க மாட்டார்களா என்று. கேட்டுவிட்டார். இரண்டு பதிலையும் மனசுக்குள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தவள்தான். குடுக்கறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. மாட்டேன் என்று சொல்லப் பார்த்தேன், அண்ணனின் விரல் ஞாபகம் வந்தது. அதுவும் வரவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி ஈரமாகிவிட்டது.

அவர் ரொம்ப நேரம் பொறுத்தார். பிறகு, "சரிம்மா. புரியுது" என்றார்.

என்ன புரிந்தது? எனக்கே புரியாதது அவருக்கு என்ன புரிந்தது? நில்லுங்க என்று சொல்லவும் வாய் வரவில்லை. வெளியே போய் அம்மாவிடமும் மதினியிடமும், உடம்பு ஒத்துவராது, இவங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாட்டேன் என்பதைக்கூட எனக்காக இன்னொருத்தர்தான் சொன்னார்.

பஸ்ஸில் அம்மா ஒரே ஒரு வார்த்தை. "வாயக் கட்டுடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

செப்டம்பர் 13, வெள்ளி

மூச்சு விட முடிகிறது. அதற்காகவே என்னைச் செருப்பால் அடிக்கணும் போல இருக்கிறது.

செப்டம்பர் 21, சனி

அண்ணன் போன் எடுக்கவில்லை. மதினி எடுத்து, தூங்குறாக என்றார். பின்னால் அவன் இருமுவது கேட்டது.

செப்டம்பர் 26, வியாழன்

அழகுபாண்டியை டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போனார்களாம். வேறு வழியில்லை என்றதும் பொண்ணு பார்ப்பது தானாக நின்றுவிட்டது. அவனே போன் பண்ணிச் சொன்னான். "எனக்கும் அதே குரூப்புத்தான்க்கா! எடையும் கரெக்டா இருக்காம்."

அவ்வளவு சந்தோசமாகச் சொன்னான். என் தலையில் இருந்ததை இறக்கி அவன் தலையில் வைத்துவிட்டேன். நான் வைக்கவில்லை, ஆனாலும் வைத்தது நான்தான்.

அக்டோபர் 7, திங்கள்

லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பிக்கு எல்லாம் பொருந்திவிட்டது. இன்றைக்கு அவனிடம் தனியாகப் பேசும் நாள். உள்ளே போவதற்கு முன் என் காதில் கேட்டான், "யக்கா, ரொம்ப வலிக்குமாக்கா?" தெரியலடா என்றேன். அந்த டாக்டரம்மா என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லுடா, அண்ணனுக்காகவும் சொல்லாத, அம்மாவுக்காகவும் சொல்லாத என்றேன். இவ்வளவாவது வாயில் வந்ததே.

வெளியே பெஞ்சில் நானும் அம்மாவும். கதவு சாத்தியதும் அம்மா என் தோளில் சாய்ந்து விம்ம ஆரம்பித்தாள். "எம்புள்ள வயித்தக் கிழிக்கப் போறாங்களேடி. பச்சப்புள்ளடி அவன். ஒரு ஊசிக்கு அந்த அழுக அழுவானேடி."

இருபத்தெட்டு வயசு. முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கு டெஸ்ட் எடுத்த இத்தனை நாளில் அம்மா ஒரு சொட்டு கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை. ஒருவேளை நான் இல்லாதபோது அழுதிருப்பாளோ? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அம்மா, நானும் நீ பெத்த புள்ளதானம்மா என்று கேட்கணும் போல இருந்தது. தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது போன் அடித்தது. பீமாராவ் அண்ணன். ஸ்டேட் மீட்டுக்குப் பேர் கொடுக்க இன்றைக்குத்தான் கடைசி நாளாம். "தாமரைச்செல்வி, எதுல போடட்டும்? எழுபத்தாறா, எண்பத்து நாலா?"

"எண்பத்து நாலு."

"சத்தம் கேக்கலம்மா. ஆஸ்பத்திரியிலயா இருக்க? எதுலன்னு சொன்ன?"

"எண்பத்து நாலுல போடுங்கண்ணே. நான் எடை ஏத்தப் போறேன்."

கத்திச் சொன்னதில் காரிடாரில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி என் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.