இதர காரியங்களில் ஒரு சிறுநீரகம்

பிப்ரவரி 6, செவ்வாய்

டயாலிசிஸ் முடிந்து வந்து அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன், இல்லாவிட்டால் கனவு என்று நினைத்துக்கொள்வேன். ஊசியைக் கழற்றும்போது நர்ஸ் பெண் குனிந்து காதோடு சொன்னாள்: “ஆன்ட்டி, உங்களுக்குக் கிட்னி குடுக்கறேன்னு ஒருத்தர் டெஸ்ட்டுக்கு வந்துட்டுப் போயிருக்காங்க. பேரு சொல்லக் கூடாது. ரொம்ப எதிர்பார்க்காதீங்க. கொஞ்சமா எதிர்பாருங்க.”

கொஞ்சமாக எதிர்பார்ப்பது எப்படி? மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது என் வேலை. பவரில் கால் குறைக்கச் சொன்னால் குறைப்பேன். ஆசையில் கால் குறைக்க எந்த மெஷினும் இல்லையே.

இரண்டு வருடமாகச் செவ்வாய், வியாழன், சனி என்றால் ஆஸ்பத்திரிதான். கணவர் கொடுக்கத் துடித்தார். ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். தங்கைக்குச் சர்க்கரை. அதோடு சொந்தம் தீர்ந்தது. அப்படியானால் யார் இது?

கர்த்தாவே, யாராயிருந்தாலும் அவர்களை ஆசீர்வதியும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பேக்கரி அக்காதான். சந்தேகமே இல்லை. ஆராதனை முடிந்து கை குலுக்கியவள் கையை விடவே இல்லை. கண் வேறு கலங்கியிருந்தது. சபையின் மூப்பர்களில் பெண்கள் நாங்கள் இருவர்தான். எனக்காக இல்லாமல் வேறு யாருக்காகக் கலங்குவாள்?

கணவரிடம் சொன்னேன். “வெங்காயம் நறுக்கிட்டு வந்திருப்பாங்க” என்றார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மனிதர். எதையுமே பிரேக் மேல் கால் வைத்துக்கொண்டுதான் நம்புவார்.

பிப்ரவரி 14, புதன்

பேக்கரியில் தேவையில்லாமல் மூன்று ரொட்டி வாங்கினேன். எனக்கு உப்பு ஆகாது, தண்ணீர்கூட டம்ளர் கணக்கில்தான். பாவம், என் கணவர் மூன்று வேளையும் ரொட்டி தின்கிறார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஒழுங்கு அண்ணனோடு இன்றும் ஒரு சண்டை.

எங்களுடையது பிரஸ்பிட்டேரியன் சபை. மேலே இருந்து ஒருவர் உத்தரவு போட்டு நடப்பதில்லை, மூப்பர்கள் கூடித் தீர்மானிப்போம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு பல்பு மாற்றவும் ஒருவர் முன்மொழிந்து, ஒருவர் வழிமொழிந்து, எல்லோரும் கை தூக்க வேண்டும், அதற்குள் இருட்டிவிடும். இந்தக் கூட்டத்துக்குச் செயலர், லிஃப்ட் பரிசோதகராக வேலை பார்க்கிற ஓர் அண்ணன். யார் பேச்சாவது தடம் மாறினால் எழுந்து நின்று “ஒழுங்கு!” என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

ஞாயிறுதோறும் நான் பாடம் நடத்துகிற ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சின்ன நாற்காலி வேண்டும் என்று நானும் வருடக்கணக்காகக் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் அறிவிப்பு முறையாக வரவில்லை என்று தள்ளிவிடுவார். இன்று வாசலில் பிடித்துக் கேட்டேன். “முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, மூப்பரம்மா?” என்கிறார். இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கால் தரையில் எட்டவில்லை என்பதும்தான் இருக்கிறது!

இந்த மனிதருக்கு மட்டும் நெஞ்சுக்குப் பதில் சட்டப் புத்தகத்தை வைத்துத் தைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

நர்ஸ் பெண் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

மார்ச் 3, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆராதனைக்குப் பிறகு மூப்பர் கூட்டம். கூரை ஒழுகல், ஈஸ்டர் விடியற்கால ஆராதனை, பீடத்துப் பூக்கள், எல்லாம் பேசி முடித்தோம். கடைசியில் ‘இதர காரியங்கள்’. ஒழுங்கு அண்ணன் எழுந்தார்.

“ஈஸ்டருக்கு அப்புறம் எனக்கு ரெண்டு மாசம் விடுப்பு வேணும். குறிப்பு எழுத வேற ஆளைப் போடணும்.”

“என்ன விஷயம்ணே?” என்றார் பாஸ்டர்.

“ஒரு ஆபரேஷன்.”

“ஐயையோ, உங்களுக்கு என்ன?” என்று பதறினாள் பேக்கரி அக்கா.

“எனக்கு ஒண்ணும் இல்ல. நம்ம மூப்பரம்மாவுக்குக் கிட்னி குடுக்கலாம்னு இருக்கேன். டெஸ்ட் எல்லாம் பொருந்தி வந்திருக்கு.” வீட்டில் சும்மா கிடக்கிற மேசையைக் கொடுப்பது மாதிரி சொல்லிவிட்டு அடுத்த தாளைத் திருப்பினார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இவரா? போயும் போயும் இவரா? என்ன சொல்வதென்று தெரியாதபோது கூட்டத்தில் நாங்கள் வழக்கமாக என்ன சொல்வோமோ அது வாயில் வந்துவிட்டது.

“இந்த விஷயத்தை ஒத்திவைக்கணும்னு முன்மொழியறேன்.”

பேக்கரி அக்கா பழக்கதோஷத்தில் “வழிமொழியறேன்” என்றாள். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். கைகள் உயர்ந்தன, எதற்குத் தூக்குகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தீர்மானம் நிறைவேறியது. ஒழுங்கு அண்ணன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

தனக்கு வந்த சிறுநீரகத்தைத் தானே கை தூக்கி ஒத்திவைத்த பெண்பிள்ளை இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மார்ச் 4, திங்கள்

ஏன் அப்படிச் செய்தேன்?

பேக்கரி அக்காவாக இருந்திருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். இவரிடம் வாங்கிக்கொண்டு நாளைக்கு எந்த முகத்தோடு நாற்காலி கேட்பேன்? அவர் “ஒழுங்கு” என்றால் ஆயுசு முழுக்க நான் பொத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதானா? யாருக்கு எது வேண்டுமானாலும் செய்வேன். யாரிடமும் கை நீட்டினதில்லை. எனக்கு வாங்கத் தெரியாது, அவ்வளவுதான்.

வேண்டாம். வேண்டவே வேண்டாம். இந்த மெஷினோடயே இருந்துட்டுப் போறேன், யாருக்கென்ன — 

பொய். பயமா இருக்கு. சாகப் பயமா இருக்கு. போன மாதம் என் பக்கத்துப் படுக்கை காலியானதை இங்கே எழுதக்கூட இல்லை.

மார்ச் 6, புதன்

பாஸ்டர் போன் செய்தார். “அக்கா, யாரு யாருக்குக் கிட்னி குடுக்கலாம்னு தீர்மானிக்க மூப்பர் கூட்டத்துக்கு அதிகாரமே கிடையாது. அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்கே கை தானாத் தூக்கிடுச்சு.” அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான்.

ஆனால் ஒழுங்கு அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லையாம். ஒத்திவைத்தது ஒத்திவைத்ததுதான்; ஒத்திவைக்கச் சொன்னவரே திரும்ப எடுக்கவும் சொல்ல வேண்டுமாம். விதி அப்படி. அந்த விதியைக் கொண்டுவந்தவரும் அவரேதான்.

மார்ச் 10, ஞாயிறு

ஓய்வுநாள் பள்ளியில் இன்று பாடம் கிருபை. “தகுதி பார்க்காம, திரும்ப எதுவும் எதிர்பார்க்காம தேவன் குடுக்கறது” என்று பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். டீச்சருக்கு மட்டும் மண்டையில் ஏறவில்லை.

மார்ச் 15, வெள்ளி

அப்பமும் திராட்சை ரசமும் பகிர்கிற திருவிருந்துக்கு முன்னால் மூப்பர்கள் அவரவர் பகுதியில் உள்ள வீடுகளுக்குப் போய், எல்லோரும் ஆயத்தமாக இருக்கிறார்களா என்று விசாரிப்பது எங்கள் வழக்கம். எங்கள் தெரு ஒழுங்கு அண்ணன் பொறுப்பு. சாயங்காலம் வந்துவிட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“யாரோடயாவது மனஸ்தாபம் உண்டா?”

“உங்களோடதான்.”

“அது குறிப்புல ஏற்கனவே இருக்கு” என்றார். சிரிக்கவில்லை. என் கணவர் சிரிப்பை மறைக்கச் சமையலறைக்குப் போய்விட்டார்.

நேராகவே கேட்டேன். “ஏண்ணே குடுக்கறீங்க? நமக்குள்ள ஒரு நாளாவது ஒத்துப்போயிருக்கா?”

“ஒரு லிஃப்டுக்கு அஞ்சாறு கயிறு போடுவோம். அதுல ஒண்ணே மொத்தப் பாரத்தையும் தாங்கும். மிச்சமெல்லாம் பத்திரத்துக்கு. எனக்கு ரெண்டு இருக்கு. நீங்க ஒரு கயிறும் இல்லாம ஓடிட்டிருக்கீங்க. அதைப் பார்த்துட்டு, எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போக என்னால முடியல.”

“அப்போ நாற்காலி?”

“நாற்காலி வேற, கிட்னி வேற. நாற்காலிக்கு முறையா அறிவிப்புக் குடுங்க.”

ஜெபித்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “நீங்க வேணும்னு கேக்காம நான் குடுக்கறது முறையில்ல, மூப்பரம்மா” என்றார். விதியைத்தான் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா? அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது.

கதவைச் சாத்திவிட்டு அழுதேன். கணவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். “பிரேக்ல இருந்து காலை எடும்மா. நான் பக்கத்துல இருக்கேன்ல.”

மார்ச் 24, ஞாயிறு

கூட்டம். ‘இதர காரியங்கள்’ வந்தது. எழுந்து நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன்: போன கூட்டத்தில் ஒத்திவைக்கப்பட்ட பொருளை மீண்டும் எடுத்துக்கொள்ளுமாறு முன்மொழிகிறேன். அதில் ஒரு சொல்கூட வரவில்லை.

“அண்ணே, எனக்கு வேணும்” என்றேன். “எனக்கு வாழணும்.”

ஒழுங்கு அண்ணன் எழுந்தார். என் வாக்கியம் முறையாக இல்லை என்று சொல்லப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வழிமொழியறேன்.”

உடனே பேக்கரி அக்கா, கடைசி வரிசையில் இருந்த தச்சு வேலை மூப்பர், எல்லோரும் “நானும்”, “நானும்” என்று எழுந்துவிட்டார்கள். “ஒருத்தர் போதும், ஒருத்தர் போதும்” என்று பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

இத்தனை வருடத்தில் நான் கொண்டுவந்த ஒன்றை அவர் வழிமொழிந்தது இதுவே முதல் தடவை.

மார்ச் 29, பெரிய வெள்ளி

காலையில் ஆராதனை. நேற்றைய டயாலிசிஸ் களைப்பில் பாதிப் பிரசங்கம் காதில் விழவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பதும் ஜெபம்தான் என்று இன்று தோன்றியது.

மார்ச் 31, உயிர்த்தெழுந்த ஞாயிறு

விடியற்கால ஆராதனை ஆலயத்துக்குப் பின்னால் உள்ள புல்தரையில். கிழக்கு எது, எத்தனை மணிக்குச் சூரியன் எழும் என்று ஒழுங்கு அண்ணன் எல்லாம் கணக்குப் பார்த்து வைத்திருந்தார். மேகம் மட்டும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்று சாம்பல் நிற வானத்தைப் பார்த்துப் பாடினோம். பாதிப் பாட்டில் லேசாகத் தூறல். யாரும் உள்ளே ஓடவில்லை. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

பாஸ்டரின் பிரசங்கம் சின்னதுதான். “அந்தப் பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாடியே இயேசுவோட உடம்புக்குப் பூச சுகந்தவர்க்கத்தை எடுத்துக்கிட்டுக் கல்லறைக்குப் போனாங்க. ராத்திரியெல்லாம் தயார் பண்ணிருப்பாங்க. அங்க போனா கல்லறை காலி, அது தேவைப்படவே இல்ல. அவங்க செய்யறதுக்கு அங்க ஒரு வேலையும் மிச்சம் இல்ல.” எத்தனையோ ஈஸ்டரில் கேட்ட பகுதி. வேலையில்லாமல் நின்ற அந்தப் பெண்களின் கையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

பிறகு உள்ளே திருவிருந்து. எங்கள் சபையில் யாரும் எழுந்து போய் வாங்குவதில்லை. மூப்பர்கள் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் இருக்கைக்கே கொண்டுபோவோம். எல்லோருக்கும் கொடுத்து முடித்து, மூப்பர்கள் கடைசியாக முன் வரிசையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கொடுப்போம். தனக்குத்தானே எடுத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. என் பக்கத்தில் ஒழுங்கு அண்ணன். தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். “உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது” என்றார். எல்லோருக்கும் சொல்கிற வார்த்தைதான். அப்பத்தை எடுக்க எனக்கு இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. அவர் தட்டை அசைக்காமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

சந்தோஷமாயிருக்கிறேன். அவ்வளவுதான் எழுதத் தெரிகிறது.

ஏப்ரல் 24, புதன்

நாளைக்குக் காலையில் ஆபரேஷன்; சொந்தமில்லாதவர் கொடுப்பதற்கு வேண்டிய அரசு அனுமதியும் வந்துவிட்டது. ஒழுங்கு அண்ணன் ஒரு அறையில், நான் ஒரு அறையில். வார்டு வாசலில் சபையே நிற்கிறது. காவலாளி திட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனார். ஒழுங்கு அண்ணனின் மனைவியும் என் கணவரும் ஒரே பெஞ்சில். பயம் இருக்கிறது. அண்ணனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது ஆண்டவரே — முதலில் அவரைப் பாரும், அப்புறம் என்னை.

மே 1, புதன்

வேலை செய்கிறது! டாக்டர் படுக்கையோரம் தொங்குகிற பையைத் தூக்கிப் பார்த்து “பிரமாதம்!” என்றார். நாற்பத்தொன்பது வயதில் மூத்திரம் போனதற்காகக் கைதட்டு வாங்கினேன். ஒழுங்கு அண்ணன் நலம். நேற்றே எழுந்து நடந்துவிட்டார். தாழ்வாரத்தில் நின்று லிஃப்ட் கதவு மூடுவதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஜூன் 9, ஞாயிறு

வெளியே போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு முதல் முதலாக ஒரு வீட்டுக்குப் போனோம். ஒழுங்கு அண்ணன் வீட்டுக்கு.

காலையிலிருந்தே மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன்: பழம், புதுச் சட்டை, அவருக்கு நானே தேய்த்துச் செய்த கண்ணாடி, அவர் மனைவிக்குச் சேலை. அடுக்க அடுக்கப் போதவில்லை. இன்னும் ஏதாவது, இன்னும் ஏதாவது என்று அலமாரியைக் குடைந்தேன். வெளியே கணவர் வண்டியைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடித்தார். மேசையைப் பார்த்தபடி நின்றேன். எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

கதவைத் திறந்த ஒழுங்கு அண்ணன் கொஞ்சம் இளைத்திருந்தார். என் கையைப் பார்த்தார்.

“என்ன மூப்பரம்மா, சும்மா வந்திருக்கீங்க?”

“ஆமாண்ணே. சும்மாதான் வந்தேன்.”

தலையை ஆட்டிவிட்டு வழிவிட்டார். கூடத்தில் உட்கார்ந்தோம். ஆலயத்துக் கூரை இன்னும் ஒழுகுவதைப் பற்றிப் பேசினோம். அவர் மனைவி காபி கொண்டுவந்தார். அளவு பார்க்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?” என்றார் அந்த அக்கா.

“குடுங்க” என்றேன்.